சகலையின் பெல்ட் அதிரவில்லை: காரோட்டிலிருந்து அம்பூரிக்குப் பதினான்கு தேனீப் பெட்டிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று சக்கர பைக்கில் டிரெய்லர் மாட்டி மலையேற முடியுமா என்று போன மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும். அதற்கான விவரமெல்லாம் கீழே இருக்கிறது. ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்த உண்மையான காரணம் வயிற்றெரிச்சல். என் சகலை வில்சன் மேல் எனக்கிருக்கும் வயிற்றெரிச்சல்.

புதிதாக வருகிறவர்களுக்காக: எனக்கு வலது காலில் சிறு வயதிலேயே போலியோ. காலுக்குக் கம்பி மாட்டி, கையில் தடி வைத்து நடப்பேன். நான்கு வருடம் முன்பு மார்த்தாண்டத்தில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த வண்டி என்னுடையது. 350 சி.சி. எஞ்சின், முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. பின் பிரேக்கைக் காலிலிருந்து கைக்கு மாற்றியிருக்கிறார்கள். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குச் செயின் கிடையாது, பல் வைத்த ரப்பர் பெல்ட். செயினுக்குக் குனிந்து எண்ணெய் போட என்னால் ஆகாது என்பதால் அப்படிக் கேட்டு வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் நான் முதலில் வாங்கிய ஒரே பொருள் அதுதான். டிவி, ஃபிரிட்ஜ், ஸ்மார்ட்போன் எல்லாம் மற்றவர்கள் வாங்கி முடித்த பிறகே எங்கள் வீட்டுக்கு வந்தன.

வில்சன் என் மனைவி ஹெலனின் தங்கையைக் கட்டியவன். பள்ளியில் என்னோடு ஒரே வகுப்பு. கால்பந்து ஆடியவன், இரண்டு காலும் இரும்பு மாதிரி. என் வண்டி வந்து எட்டு மாதம் கூட ஆகவில்லை, அதே பட்டறையில் அதே மாதிரி ஒன்று செய்து கொண்டுவந்து சர்ச் வாசலில் நிறுத்தினான். சிவப்பு நிறம் வேறு. எனக்கு அது தேவை. அவனுக்கு அது ஆசை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கூட்டம் அவன் வண்டியைத்தான் சுற்றி நிற்கும்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது டிரெய்லர் வாங்கிய பிறகுதான். இரண்டு பேரும் ஒரே வாரத்தில், நான்கடிக்கு ஐந்தடியில் ஒரே அளவு டிரெய்லர் வாங்கினோம். என் வண்டி தனியாக ஓடும்போது லேசாக ஒரு முனகல், அவ்வளவுதான். டிரெய்லரில் பாரம் ஏற்றிவிட்டால் மணிக்கு 32 கிலோமீட்டரில் ஆரம்பித்து 45 வரைக்கும் பெல்ட் அதிரும். சீட்டில் தெரியும், ஹேண்டிலில் தெரியும், டிரெய்லர் பலகை வரைக்கும் போகும். வில்சனின் வண்டியில் ஒன்றும் கிடையாது. டிரெய்லர் பலகையில் டீ டம்ளரை வைத்து ஓட்டினால் கூடச் சிந்தாது என்று அவன் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். நான் கேட்காமலேயே ஹெலன் அதை என்னிடம் சொன்னாள்.

என்ன செய்யவில்லை நான்? நெய்யாற்றின்கரையில் வண்டி பார்க்கும் மெக்கானிக் பிஜுவிடம் மூன்று முறை போனேன். போக வர 26 கிலோமீட்டர், ஒவ்வொரு முறையும் 300 ரூபாய். அதிர்ந்தால் பெல்ட் லூஸ் என்று அர்த்தம் என்பான், இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்குவான். சக்கரங்களுக்கு பேலன்ஸ் பார்த்தாயிற்று. 6,200 ரூபாய்க்குப் புது பெல்ட்டும் மாற்றியாயிற்று. ஒவ்வொரு தடவையும் அதிர்வு கூடியதே தவிர குறையவில்லை. பிஜு தங்கமான பையன். நான் போய் நின்றதுமே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "சேட்டன் இவிடே இரிக்கணும், ஞான் நோக்கிக்கொள்ளாம்" என்பான். அண்ணன் இங்கே உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். டீயும் வரும். இந்தக் காலால் எனக்குள்ள ஒரே சௌகரியம் அது. வங்கியோ, ரேஷன் கடையோ, கல்யாண வீடோ, எங்கே போனாலும் எனக்கென்று ஒரு நாற்காலி உடனே வந்துவிடும்.

ஒரு கல்யாண வரவேற்பில், எல்லோரும் பந்தியில் இருந்தபோது, வில்சனின் வண்டிக்கு அடியில் போன் வெளிச்சத்தை அடித்து அவன் பெல்ட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றுவிட்டான்.

"எலே ஐசக்கு, என்னத்தலே தேடுக?"

"சாவி விழுந்துட்டு."

"சாவி ஒனக்க கையில உண்டுல்லா" என்றான். இருந்தது.

இனி பயணத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும். அந்தத் தளிரின் காம்பில் தேன் சுரக்கும். அம்பூரிப் பக்கம் மலை முழுக்க ரப்பர் என்பதால் எங்கள் கரையோர ஊர்களில் தேனீ வைத்திருப்பவர்கள் இரண்டு மாதத்துக்குப் பெட்டிகளை அங்கே கொண்டுபோய் வைப்போம். தோட்டக்காரருக்கு வாடகை கிடையாது, சீசன் முடிந்ததும் தேன் பாட்டில் கொடுத்தால் போதும். எங்கள் ஊர் காரோட்டில், எங்கள் தென்னந்தோப்பில் இருக்கும் பெட்டிகள் உண்மையில் ஹெலனுடையவை. இரண்டு பெட்டியில் தொடங்கி மூன்று வருடத்தில் பதினான்கு ஆக்கியிருக்கிறாள். எந்தப் பெட்டியில் ராணி கிழடு, எது கோபக்காரப் பெட்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். போன வருடம் பிக்கப் வண்டிக்கு ஒரு நடைக்கு 1,800 ரூபாய் கொடுத்தோம். இந்த வருடம் நானே இழுத்துப் போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன்.

தேனீக்கு அதிர்வு ஆகாது. சாதாரணக் குலுக்கல் பரவாயில்லை. விடாமல் நடுங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே தேனடை அறுந்து விழும். அடை ராணி மேல் விழுந்தால் அந்தப் பெட்டி முடிந்தது. ஹெலனுக்கும் இது தெரியும், என் வண்டியையும் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் ஆறரை மணிக்குத் தேனீக்கள் எல்லாம் கூடு திரும்பியதும் பெட்டிகளின் வாசலை வலை வைத்து அடைத்துக்கொண்டே கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, வில்சன் வண்டியில ஏத்தி விட்டா என்ன? அவருக்க பதினாலு பெட்டிய எறக்கிட்டு வந்து நம்ம பெட்டிய எடுப்பாரு. ரெண்டு நடை. தீந்துது."

"எனக்க வண்டிக்கு என்ன கொறை?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு இங்கே மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஆனாலும் விட்டுக்கொடுத்தாள்.

காலை 5.10க்கு நானும் வில்சனும் அவரவர் பெட்டிகளோடு கிளம்பினோம். பெட்டி ஒன்று எட்டரை கிலோ, பதினான்குக்கும் சேர்த்து 119 கிலோ. பனி விழுந்து ரோடு ஈரமாக இருந்தது. வில்சனைப் பின்னால் வரச் சொல்லி நான் முன்னால் போனேன். காரணம் வேறொன்றுமில்லை. அவன் முன்னால் போனால் அவன் டிரெய்லர் ஆடாமல் அசையாமல் போவதை வழி முழுக்க நான் பார்க்க வேண்டும்.

பாறசாலை வரை ஏழு கிலோமீட்டர், 25 நிமிடம். முப்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நிறுத்தினோம். டீ 12 ரூபாய், நல்ல டீ. வில்சன் டம்ளரோடு போய் என் டிரெய்லரில் ஒரு பெட்டிமேல் காதை வைத்தான். பிறகு அவனுடைய பெட்டியில் வைத்தான். நானும் போய் வைத்துப் பார்த்தேன். அவன் பெட்டிக்குள் தூங்கும் பிள்ளை மூச்சு விடுவது போல ஒரு சத்தம். என் பெட்டிக்குள் திருவிழாக் கூட்டம். அவன் டீயைக் குடித்து முடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பாறசாலையிலிருந்து காரக்கோணம் வழியாக வெள்ளறடை ரோடு. ஏற்றமும் வளைவும் இங்கேதான் ஆரம்பிக்கும். ஏற்றத்தில் முப்பதிலேயே போனால் எஞ்சின் திணறுகிறது, முடுக்கினால் பெல்ட் அதிர்கிறது. எதைச் செய்தாலும் தப்பு. இன்னொரு கவலையும் இருந்தது. வாசல் அடைத்த பெட்டியில் வெயில் ஏறினால் உள்ளே வெந்துவிடும், ஒன்பதுக்குள் திறந்துவிட வேண்டும். ஆகவே முடுக்கினேன். நாற்பதில் பல்லே ஆடியது. பின்னால் வருகிறவனுக்கு என் டிரெய்லர் நடுங்குவது தெரியுமே என்ற நினைப்புத்தான் எனக்கு. பெட்டிகளைப் பற்றி நினைத்திருக்க வேண்டும்.

காரக்கோணம் தாண்டியதும் வில்சன் விடாமல் ஹாரன் அடித்தான். முந்தப் பார்க்கிறான் என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது. அரைக் கிலோமீட்டர் போன பிறகு என் பக்கத்தில் ஒட்டி வந்து கத்தினான்.

"நிறுத்துலே! தேன் ஒழுகுது!"

மணி 6.20. டிரெய்லரின் பின்பலகையிலிருந்து தேன் சொட்டிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் இடது ஓரப் பெட்டி. ஹெலன் மூடியில் நீலப் பெயின்ட் அடித்து வைத்திருக்கும் பெட்டி, அவள் முதலில் தொடங்கிய இரண்டில் ஒன்று. உள்ளே ஒரு அடையாவது விழுந்திருக்கிறது. மற்ற பதின்மூன்றும் இரைந்துகொண்டிருந்தன. இன்னும் பதினாறு கிலோமீட்டர், அதுவும் முழுக்க ஏற்றம். இப்படியே போனால் பாதிப் பெட்டிகூட மிஞ்சாது என்று எனக்கே தெரிந்தது. அவன் போய்த் தன் பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பி வருவதற்குள் வெயில் ஏறிவிடும். ஹெலனிடம் என்ன சொல்வேன்? உன் தங்கை புருஷன் மேல் பொறாமை, அதனால் உன் தேனீயைக் கொன்றுவிட்டேன் என்றா?

"எனக்க பெல்ட்டு எப்பிடி இருக்குன்னு ஒன்னு பாருலே" என்றேன். மூன்று வருடமாக வாயில் வராத வார்த்தை அது.

வில்சன் தன் வண்டியை விட்டு இறங்கினான். நானும் தடியை ஊன்றி இறங்கினேன். அவன் குனிந்து என் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினான். போய்த் தன்னுடையதையும் அழுத்திப் பார்த்தான். "ஒனக்கது கொஞ்சம் டைட்டாக்கும். ஆனா இதுக்காண்டி இந்த ஆட்டம் ஆடாது" என்று திரும்பி வந்து மறுபடி என் பெல்ட்டில் விரலை வைத்தான்.

நல்ல வேளையாக அந்த இடத்தில் கடையோ வீடோ எதுவும் இல்லை. ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் ஓடை. நாற்காலி போட ஆளில்லை. கால் வலித்தது. வேறு வழியில்லாமல் என் வண்டி சீட்டிலேயே ஏறி உட்கார்ந்தேன்.

"எலே!" என்று கத்தினான். நான் பயந்துபோனேன், விரல் மாட்டிக்கொண்டதோ என்று. "எறங்கு. எறங்குலே."

இறங்கினேன்.

"இப்ப ஏறு."

ஏறினேன். டங் என்று தட்டிக் காட்டினான். துணி காயப்போடும் கம்பி மாதிரி விறைத்து நின்றது பெல்ட். நான் இறங்கினால் விரலுக்கு அமுங்குகிறது, நான் ஏறினால் கம்பியாகிவிடுகிறது.

விஷயம் இவ்வளவுதான். பாரமும் ஆளும் ஏறும்போது வண்டியின் பின்பக்கம் அமுங்குகிறது. பின் அச்சைப் பிடித்திருக்கும் இரும்புக் கை மேலே வருகிறது, அச்சு எஞ்சினிலிருந்து சற்று விலகுகிறது, பெல்ட் இழுபடுகிறது. எங்கள் வண்டிகளின் அமைப்பு அப்படி. காலி வண்டியில் சரியாக இருக்கும் பெல்ட், பாரத்தோடு ஓடும்போது தாங்க முடியாத இறுக்கத்தில் இருக்கும். பெல்ட் சுற்றும் புல்லிச் சக்கரத்தில் இருக்கும் சின்னக் கோணல் கூட ஒவ்வொரு சுற்றிலும் வண்டி முழுக்க அடிக்கும். அதிர்கிறதே என்று பிஜு மூன்று முறை இறுக்கினான். மூன்று முறையும் எதிர்த்திசையில் போயிருக்கிறோம்.

"பிஜு பெல்ட்டு பாக்கும்போ நீ எங்க இருந்த?" என்று வில்சன் கேட்டான்.

"நாற்காலியில."

"டிரெய்லர்?"

"கழத்தி வீட்டுல வச்சுட்டுப் போவேன்."

சிரித்தான். "நான் வண்டிய விட்டு எறங்கவே இல்லலே. டிரெய்லரும் கழத்தேல்ல. அவன் அடியில கெடந்து பாத்தான், நான் மேல இருந்து போன் பேசினேன். எனக்கு மடியாக்கும்."

மடி என்றால் எங்கள் ஊரில் சோம்பல். யோசித்துப் பாருங்கள். புது பெல்ட், பேலன்ஸ், திருட்டுப் போட்டோ, மூன்று வருட வயிற்றெரிச்சல். அவன் வண்டி அதிராததற்குக் காரணம் அவனுடைய சோம்பேறித்தனம். அறிவாலோ உழைப்பாலோ முந்தியிருந்தால்கூட ஆறுதல் இருந்திருக்கும்.

அடுத்த ஒரு மணி நேரம் என்னை வாட்டி எடுத்துவிட்டான். தன் ஸ்பானரை எடுத்து அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்து ஸ்குருவையும் கால் சுற்று திருப்புவான். "ஏறு" என்பான். நான் தடியைச் சாய்த்து, கம்பிக் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவேன். விரலால் அழுத்துவான். "காணாது, எறங்கு" என்பான். காணாது என்றால் போதாது. "சும்மா மேலயே இருக்கேன், அடியில திருப்பேன்லே" என்று கெஞ்சினேன். "நட்டு லூசா இருக்கும்போ நீ மேல இருந்தா அச்சு கோணிப்போவும். மக்கா, பேசாம எறங்கு." ஏழு முறை ஏறி இறங்கினேன். பனிக்காலத்தில் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் என்னை இப்படி யாரும் வேலை வாங்கியதில்லை. பயங்கரக் கோபம் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. அதற்கு நன்றி என்று பெயர் வைக்க இன்னும் எனக்கு மனமில்லை.

ஏழாவது முறை நான் மேலே, டிரெய்லர் பாரத்தோடு பின்னால், பெல்ட் அவன் விரலுக்குச் சரியாக ஒரு விரல் அகலம் அமுங்கியது. நட்டை முறுக்கினான்.

7.30க்குக் கிளம்பினோம். முப்பத்திரண்டு வந்தது, ஒன்றுமில்லை. முப்பத்தெட்டு, நாற்பது, ஒன்றுமில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. என் வண்டியின் எஞ்சின் சத்தம் இவ்வளவு இனிமையானது என்று எனக்கே அதுவரை தெரியாது. வெள்ளறடை 7.50. அங்கிருந்து அம்பூரிக்குப் போகும் ஒன்பது கிலோமீட்டர்தான் இந்த வழியில் அழகானது, வளைந்து வளைந்து ஏறும். வருகிறவர்கள் அங்கே வேகத்தை மறந்துவிடுங்கள். 8.35க்குத் தோட்டத்தில் இருந்தோம். மொத்தம் 32 கிலோமீட்டர்.

நீல மூடிப் பெட்டியில் இரண்டு அடை விழுந்திருந்தது. ராணியைத் தேடியது வில்சன். நான் நீல மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடை தொங்கும் மரச்சட்டங்களில் கடைசியானதன் ஓரத்தில், சேவகத் தேனீக்கள் சூழ, உயிரோடு இருந்தாள். விழுந்த அடையை வாழைநாரால் சட்டத்தோடு கட்டித் திரும்ப வைத்தோம். ஹெலனுக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"வில்சன் பக்கத்துல உண்டா? அவருகிட்ட போனைக் குடுங்க" என்றாள். பத்து நிமிடம் அவனோடு பேசினாள். என்னோடு பேசியது இரண்டு நிமிடம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெட்டிக்குள் இருக்கும் சட்டங்கள் போகும் திசைக்கு நேராக இருக்கும்படி அடுக்குங்கள், பிரேக் போட்டால் அடை ஆடாது. பாரத்தை முன்பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள், பின்னால் கூடினால் டிரெய்லர் வாலாட்டும். எனக்குப் போக வரப் பெட்ரோல் 290 ரூபாய் ஆனது. டிரெய்லருக்கு என்ன அனுமதி வேண்டும் என்பதை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், என் வார்த்தையை நம்பி இறங்க வேண்டாம். பாறசாலைக்குப் பிறகு திறந்திருக்கும் பட்டறையைக் காலையில் எதிர்பார்க்காதீர்கள், பெரிய ஸ்பானரைக் கையோடு எடுத்துப் போங்கள். சீசன் முடிவில் எங்களுக்குப் பெட்டிக்கு ஒன்பது கிலோ தேன் கிடைத்தது. வில்சனுக்குப் பத்து. அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது, குறிப்பாக என்னைப் போல் கால் முடியாதவர்களுக்கு. பட்டறையில் உங்களுக்கு நாற்காலி போடுவார்கள். அன்பாகத்தான் போடுவார்கள். உட்காராதீர்கள். டிரெய்லரை மாட்டி, ஓட்டும்போது ஏற்றும் பாரத்தை ஏற்றி, நீங்களும் சீட்டில் ஏறி, உங்கள் எடையோடு பெல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். வண்டியை ஓட்டப்போவது நாற்காலி இல்லை, நீங்கள்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிஜுவிடம் போய் அதைத்தான் செய்தேன். துணைக்கு வில்சனும் வந்தான். பிஜு பழக்கத்தில் நாற்காலியைத் துடைத்துப் போட்டான், வேண்டாம் என்றேன். வெயிலில் சீட்டில் உட்கார்ந்து, ஏறு என்றால் ஏறி, இறங்கு என்றால் இறங்கிக்கொண்டிருந்தேன். வில்சன் அந்த நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு, காலை நீட்டி, எனக்கு வந்த டீயைக் குடித்தான். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.